தலைகீழ் மாங்காய்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

இங்கே சால்வை அச்சடிக்கும் ஆலையில் நேற்று ஒரு சின்னக் கூத்து. பார்டரில் மாங்காய் அச்செல்லாம் நுனி மேலே பார்த்து விழுந்தன. தலைகீழாகிவிட்டதென்று நான் மெஷினை நிறுத்திவிட்டேன். மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டும்மா நிறுத்துனே?"

"மாங்கா காம்புலதானே சார் தொங்கும்?"

"அது மாங்காயே இல்லம்மா! பாரசீகத்துல காத்துக்கு நுனி வளைஞ்ச சைப்ரஸ் மரம்னு சொல்றாங்க. நம்ம ஆளுங்கதான் மாங்காயாக்கிட்டாங்க. மரம் நிக்கத்தானே செய்யும்?"

என் கல்யாணப் புடவையிலும் ஆறு வருடமாக அது நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. நானும் கவனிக்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

நிறுத்திய மெஷினை மறுபடி ஓடவைக்க அரை நாள் ஆனதால் என் விடுப்பை இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள். வேறொன்றும் இல்லை.

உங்கள் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். துணி ஆலையில் துடைக்கத் துணி கிடைப்பதில்லை.

ஷிப்டு மணி அடிக்கிறது. நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மகளிடம், இன்னும் இரண்டே மாதம் என்று சொல்லுங்கள். அவளுக்கு இரண்டு என்பது சின்ன எண். எனக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் வீட்டுக்காரி