உறையில் வந்த வெனிஸ்

பர்னோ, 3 மே 1990

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து, தம்பி ராடிமுக்கு அக்கா ஹெட்விகா எழுதுவது.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் முதல் பாஸ்போர்ட். போட்டோவில் கோழி திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன், ஆனால் முத்திரை அழகாக விழுந்திருக்கிறது. ஆட்சி மாறி, செக் எல்லையில் கம்பி வேலியை வெட்டி ஐந்து மாதம் ஆகிறது. ஊரில் பாதிப் பேர் வியன்னா போய் இங்கே கிடைக்காத வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் ஸ்டேஷன் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "மூணாவது பிளாட்பாரம், பிரெட்ஸ்லாவ்ல மாறணும்" என்று அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக ஐரோப்பாவின் அத்தனை வண்டி நேரமும் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் ரயிலேறிப் போன தூரம் பிராக் வரைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமையிலிருந்து எனக்கு எட்டு நாள் லீவு கிடைக்கும். வியன்னா, சால்ஸ்பர்க், வெனிஸ், பிளாரன்ஸ், நான்கையும் பார்த்துவிட வேண்டும். நீ எல்லாம் சுற்றிப் பார்த்தவன். போன ஊர்களைக் காட்டி நீ அனுப்பிய பதினோரு பட அட்டைகளும் அம்மா ஒட்டிய இடத்திலேயே, சமையலறைக் குழாய்க்கு மேலே, இன்னும் இருக்கின்றன. நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சுற்றுலா பஸ்ஸில் கொடி பிடித்தவன் பின்னால் ஓடுவதற்கு நான் ஆளில்லை.

இன்னொன்று. பயணம் வியன்னாவில் தொடங்கக் கூடாது, பர்னோவில் தொடங்க வேண்டும். நீ வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாய், உன் முகத்தைப் பார்த்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உன்னைப் போல எல்லை தாண்டி ஓடிப்போனவர்களுக்கெல்லாம் ஜனவரியிலேயே மன்னிப்புக் கொடுத்துவிட்டார்கள். இனி உன்னை யாரும் பிடிக்கப் போவதில்லை, என்னைத் தவிர.

லீவுப் பட்டியலை ஜூன் 29ஆம் தேதி மூடிவிடுவார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் பக்கத்து ஜன்னல் குபீச்செக் அந்த வாரத்தைப் பிடுங்கிக்கொண்டு காளான் பறிக்கக் காட்டுக்குப் போய்விடுவார்.

வழியில் தின்பதற்குக் கறி பொரித்துக்கொண்டு வருவேன்.

உன் ஹெட்விகா


வியன்னா, 14 மே 1990

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டைப் பழுதுபார்க்க வந்து அதன் கூரையில் உட்கார்ந்து, பிரியமுள்ள அக்காவுக்கு ராடிம் எழுதுவது.

உன் பாஸ்போர்ட்டுக்கு வாழ்த்து. கோழியைப் பத்திரமாக ஒளித்து வை.

திட்டம் தயார். சனிக்கிழமை காலை வியன்னாவில் காபி, மதியம் பிளாரன்ஸில் சாப்பாடு. ஞாயிறு முழுக்கப் பிளாரன்ஸ். திங்கள் வெனிஸ். ரயிலை விட்டு இறங்கியதும் எதிரிலேயே புனித மாற்கு சதுக்கம், புறாக்கள் உன் தொப்பியில் வந்து உட்காரும். பிறகு சால்ஸ்பர்க், கோட்டை, இனிப்பு. எல்லாம் என் உள்ளங்கை மாதிரி எனக்குத் தெரியும், நீ கவலைப்படாதே.

இரண்டு வேண்டுகோள். ஒன்று, கறி வேண்டாம். எங்கள் மேஸ்திரி என்ன சொல்கிறார் தெரியுமா? "உங்க ஊர் பஸ் வந்து நின்னா நான் கண்ணை மூடிக்கிட்டே சொல்லிருவேன் ராடிம். கதவு திறந்ததும் பொரிச்ச கறி வாசம்தான் முதல்ல இறங்கும்." உலகமே பார்க்க வந்த சதுக்கத்தில் உட்கார்ந்து நாம் ரொட்டிக்கு நடுவே பன்றிக் கறியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துத் தின்ன வேண்டுமா? அங்கேயும் சாப்பாட்டுக் கடை இருக்கிறது அக்கா.

இரண்டு, நான் பர்னோ வந்து திரும்புவது வீண் அலைச்சல். நீ நேராக வியன்னா வந்துவிடு. ஸ்டேஷனில் பூவோடு நிற்பேன்.

ராடிம்


பர்னோ, 22 மே 1990

உள்ளங்கையைச் சரியாகப் பார்க்கத் தெரியாத தம்பிக்கு,

உன் திட்டத்தை மேஜையில் விரித்து, பக்கத்தில் வெளிநாட்டு வண்டி நேரப் புத்தகத்தையும் விரித்து வைத்துப் படித்தேன். குபீச்செக்கும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "உங்க தம்பி ராக்கெட்ல போறாரா?" என்றார்.

காலையில் வியன்னாவில் காபி குடித்தவன் பிளாரன்ஸில் மதியச் சாப்பாடு சாப்பிட முடியாது ராடிம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலே சர்ச்சில் நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றலாம். வெனிஸில் ரயில் நிற்கும் இடம் ஊரின் ஒரு முனை, சதுக்கம் இன்னொரு முனை. நடுவில் படகில் போக வேண்டும். எங்கள் புத்தகத்தில் வரைபடமே இருக்கிறது. நீ போய் வந்து வெகுநாளாகிறது, ஞாபகப் பிசகாக இருக்கும்.

அதனால் நான் மாற்றி எழுதியிருக்கிறேன். முதலில் வியன்னா, பிறகு வெனிஸ், பிறகு பிளாரன்ஸ், திரும்பும் வழியில் சால்ஸ்பர்க். வண்டி மாறும் ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடமாவது இருக்கும்படி பார்த்திருக்கிறேன். இத்தாலி விசாவுக்குப் பிராக் போய் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்று முத்திரை வாங்கிவிட்டேன். ரயில்வே ஊழியருக்கு வெளிநாட்டு இலவச பாஸ் உண்டு என்று இருபத்தெட்டு வருடமாக விதிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். போன வியாழக்கிழமைதான் முதன்முதலாக அதைக் கையில் பிடித்தேன். வீட்டுக்கு வந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

கறி வரும். அதில் பேச்சே இல்லை. உன் மேஸ்திரிக்கும் ஒரு துண்டு கொடு, அப்புறம் வாசம் பற்றிப் பேச மாட்டார்.

பர்னோவுக்கு வருவதும் அப்படித்தான். வீண் அலைச்சலா இல்லையா என்பதை வண்டி நேரம் தெரிந்த நான் சொல்கிறேன். நீ வந்து, குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கும் படங்களுக்குக் கீழே ஒரு கப் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

ஹெட்விகா


வியன்னா, 10 ஜூன் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். முழங்கால் வலி. தவிர, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு லிஃப்டையும் மாற்றும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது, செப்டம்பரில்தான் முடியும் போலிருக்கிறது. என்னை விட மாட்டார்கள்.

அடுத்த வருடம் வைத்துக்கொள்வோமா? வெனிஸ் எங்கே ஓடிவிடப் போகிறது? உனக்கு அவசரமாக இருந்தால் சுற்றுலா பஸ்ஸில் போய் வா. உங்கள் ஊரிலிருந்தே நல்ல பஸ்கள் கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். வழிகாட்டிகள் எல்லாம் படித்தவர்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ராடிம்


பர்னோ, 17 ஜூன் 1990

ராடிம்,

எந்த முழங்கால் என்று நீ எழுதவில்லை. நிஜமாகவே வலிக்கிறவன் வலது இடது என்று முதலில் சொல்லுவான்.

எனக்கு வெனிஸ் பார்க்க ஆசைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெனிஸ் மட்டும் போதுமென்றால் ஏப்ரலிலேயே பஸ் ஏறியிருப்பேன். உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எட்டு நாள் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அம்மாவைப் புதைத்த அன்று நீ வர முடியவில்லை. அதை நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, ஏனென்றால் அப்போது உன்னால் முடியாது. இப்போது முடிகிறது, நீ வரவில்லை. இதுதான் வலிக்கிறது.

உன்னை வர விடாமல் ஏதோ தடுக்கிறது. அது லிஃப்ட் இல்லை. என்னவென்று சொல். கேட்டு நான் உன்னை அடிக்கப் போவதில்லை, அதற்கும் நீ இங்கே வந்தாக வேண்டும்.

குபீச்செக் காலையில் கேட்டார், "என்ன ஹெட்விகா, என் பேரை எழுதட்டுமா? காளான் காத்திருக்காதும்மா." நான் "இருபத்தொம்பதாந்தேதி வரைக்கும் பேனாவைக் கீழ வைங்க" என்றேன்.

ஹெட்விகா


வியன்னா, 21 ஜூன் 1990

அக்கா,

முழங்காலில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஏழு இல்லை, இரண்டு. ஜூலையிலேயே முடிந்துவிடும்.

நான் வெனிஸ் போனதே இல்லை. பிளாரன்ஸும் போனதில்லை. பாரிஸ், ரோம், குழாய்க்கு மேலே இருக்கும் பதினொன்றில் ஒரு ஊர்கூட நான் பார்த்ததில்லை. படங்களெல்லாம் இங்கே பழைய பொருள் சந்தையில் ஒரு கிழவனிடம் வாங்கியவை. தணிக்கைக்காரன் படிக்கக் கூடாது என்று உறையில் போட்டு அனுப்புவதாக எழுதினேனே, அது அட்டையில் அந்த ஊர்த் தபால்தலை இல்லாததை மறைக்கத்தான். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் மேலேயும் கீழேயும்தான் போய் வந்திருக்கிறேன், பக்கவாட்டில் ஒரு நாளும் போனதில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். 1971இல் அம்மா எழுதியிருந்தாள்: "எங்கயாவது போய்ப் பாத்தியாடா? எங்களுக்கும் சேத்து நீயே பாரு." அதற்காகவே டிக்கெட் வாங்கினேன், வெனிஸுக்கு. பெட்டியோடு ஸ்டேஷனுக்கும் போனேன். இங்கே இத்தாலி வண்டியும் நம் ஊர்ப் பக்கம் போகும் வண்டியும் ஒரே கட்டடத்திலிருந்துதான் கிளம்பும். பலகையில் பிரெட்ஸ்லாவ் என்று பார்த்தேன். அந்த வண்டியில் என்னால் ஏற முடியாது, இந்த வண்டியில் உங்களால் ஏற முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தேன். வெனிஸ் வண்டி போய்விட்டது. அறைக்குத் திரும்பி, போய் வந்ததாக எழுதினேன். அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டாள். அப்புறம் அவள் இருந்த வரைக்கும் வருடத்துக்கு ஒன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

ஜனவரியிலிருந்து நான் பர்னோ வராததற்கும் இதுதான் காரணம். என் பதினோரு பொய் ஒட்டியிருக்கும் சமையலறையில் எப்படி வந்து காபி குடிப்பேன்? இப்போது நீ என்னை வழிகாட்டி ஆக்கிவிட்டாய். சதுக்கம் எந்தப் பக்கம் என்று நீ கேட்டால் நான் எங்கே கை காட்டுவேன்?

வெட்கமாக இருக்கிறது அக்கா. பேரை எழுதிக்கொள்ளச் சொல் குபீச்செக்கை.

ராடிம்


பர்னோ, 25 ஜூன் 1990

முட்டாள் தம்பிக்கு, முத்தங்கள்.

எனக்குத் தெரியும். 1971லிருந்தே தெரியும்.

நீ யாரிடம் பொய் சொன்னாய் என்று கொஞ்சம் யோசித்துப் பார். ஊருக்கெல்லாம் வண்டி நேரம் சொல்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளிடம். "காலை வண்டியில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு வெனிஸ் வந்துவிட்டேன்" என்று எழுதினாய். மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகப் புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு வண்டி எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. அடுத்த வருடம் ரோமுக்குப் போனதாக எழுதிய வண்டி ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பதினொன்றில் ஒன்றைக்கூட நீ உருப்படியாகச் சொல்லவில்லை. விசாரணை ஜன்னலில் கேட்டிருந்தால் நானே சரியான நேரம் எழுதித் தந்திருப்பேன்.

மே மாதம் நீ தந்த திட்டத்தைத் திருத்தினபோது நீயே சிரித்துச் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ முழங்காலைப் பிடித்துக்கொண்டாய்.

இப்போது என் பங்கையும் கேள். அம்மாவுக்கும் சந்தேகம் வந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, படத்தைப் பார்த்து என்னைக் கேட்டாள்: "ஏண்டி, நீ ரயில்வேகாரிதானே, அவன் சொல்ற வண்டி நிஜமாவே அவ்வளவு சீக்கிரம் போகுமா?" நான், "போகும்மா, அங்க வண்டியெல்லாம் வேகம்" என்றேன். அன்று சாயங்காலமே மாடிப்படியில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னாள், என் பையன் காலையில ஒரு ஊர், மத்தியானம் ஒரு ஊர்னு சுத்துறான் என்று. இருபத்தெட்டு வருடத்தில் நான் சொன்ன ஒரே தப்பான நேரம் அதுதான் ராடிம். அதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

ஒன்றுக்கு மட்டும்தான் இப்போது அழுதேன். நீ எங்களை விட்டுப் போனாய், போனவன் உலகத்தையாவது பார்க்கட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பொய் என்று தெரிந்த பிறகும், வேறு எங்காவது போயிருப்பான், எங்களிடம் சொல்லாமல் சந்தோஷமாக இருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

சரி, போதும். லீவுப் பட்டியலில் என் பேரை இன்று காலையே எழுதிவிட்டேன். குபீச்செக் முகம் காளான் இல்லாத காடு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு ஒரு சாக்லேட் வாங்கி வர வேண்டும். நான் வழிகாட்டி, நீ பயணி. நானும் எதையும் பார்த்ததில்லை, ஆனால் எந்த வண்டி எங்கே நிற்கும் என்று தெரியும். சதுக்கம் எந்தப் பக்கம் என்று நீ என்னைக் கேள்.

படங்களை எடுக்கப் போவதில்லை. அவை அம்மாவுடையவை.

ஹெட்விகா


வியன்னா, 30 ஜூன் 1990

அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்டுக்குள் படித்தேன். நாலாவது மாடிப் பெண்மணி ஏறி, "ஏன் சார் அழறீங்க, லிஃப்ட் அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்னோ வருகிறேன். எந்த வண்டி, எங்கே மாற வேண்டும், எந்தப் பிளாட்பாரத்தில் இறங்குவேன், எல்லாம் எழுது. நான் விசாரணை ஜன்னலில் கேட்கிறேன்.

கறியில் பூண்டு கொஞ்சம் அதிகமாகப் போடு. மேஸ்திரி நாலு துண்டு கேட்கிறார்.

ராடிம்


(அஞ்சல் அட்டை. முன்பக்கம் கால்வாய்ப் படம். இத்தாலியத் தபால்தலை, வெனிஸ் முத்திரை.)

வெனிஸ், 11 செப்டம்பர் 1990

பர்னோவில் இருக்கும் ஹெட்விகா அக்காவுக்கு,

நீ இதோ என் பக்கத்தில்தான் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். இருந்தாலும் எழுதுகிறேன். நாம் ஊர் திரும்பும்போது இது கதவடியில் கிடக்கட்டும்.

வண்டி பதினோரு நிமிடம் தாமதம். நீ கடிகாரத்தைக் காட்டி இத்தாலியக் கார்டிடம் செக் மொழியிலேயே சண்டை போட்டாய், அவர் மன்னிப்புக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஸ்டேஷனுக்கு வெளியே சதுக்கம் இல்லை. படிக்கட்டு, அதற்கடுத்துத் தண்ணீர். அந்தப் படியில் உட்கார்ந்து, நேற்று என் அடுப்பில் நீ பொரித்த கறியைத் தின்றோம். பக்கத்துப் படியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, நம் மொழியிலேயே, "எந்த ஊரு, ஓலொமௌட்ஸா, பர்னோவா?" என்றார். அவர் மடியிலும் அதே பொட்டலம்தான்.

இதை உறையில் போடவில்லை. தபால்காரர் தாராளமாகப் படிக்கட்டும். குழாய்க்கு மேலே பன்னிரண்டாவதுக்கு இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ராடிம்

மேலே எழுதியுள்ள நேரம் சரிதான். ஹெட்விகா.