பெருவிரல் மை

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. மகளோடு கடைக்குப் போகிறேன். சாப்பாடு அகலக் கிண்ணத்தில் இருக்கிறது. மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் சாப்பிடுங்கள். அப்போதுதான் கை கொஞ்சம் அடங்கும்.

நேற்று அவள் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போடும்போது உங்கள் கை நடுங்கியது. பின்னால் வரிசை நிற்கிறதே என்ற பதற்றத்தில், "கைநாட்டு வெச்சிட்டு வாங்களேன், எவ்வளவு நேரம்தான்?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட ஹெட்மாஸ்டரிடம்! என் நாக்கில் சனி. நீங்களும் மையைத் தொட்டுப் பெருவிரலை வைத்தீர்கள். வீட்டுக்கு வந்து, கறை போன பிறகும் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அப்பாவுக்கு அஞ்சு நிமிஷம் குடுத்திருக்கக் கூடாதாம்மா?" என்று மகள் கேட்டாள். பார்க்கின்சன் உங்கள் விரலைத்தான் பிடித்தது; மானத்தை வாங்கியது நான்.

நாலு மணிக்குக் கைப்பயிற்சி கொடுப்பவர் வருவார். கதவைச் சும்மா சாத்தியிருக்கிறேன், சாவியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பி.கு.: சாப்பிட்டதும் இதன் அடியில் ஒரு கையெழுத்துப் போட்டு வையுங்கள். கோணினாலும் சரி, எவ்வளவு நேரமானாலும் சரி. இங்கே உங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.