போர்வைக்குள் இருந்த மெட்டி

இன்று காலை டிரேயில் சோப்புத் துண்டையும் நூல்கண்டையும் எடுத்து வைத்தபோதே எனக்கு உன்மேல் எரிச்சல் வந்துவிட்டது. உத்தனப்பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்திருக்கிறாள், ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண். கால் வீங்கிவிட்டது, மெட்டியைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். அவள் மாமியார் வேறு "பேடம்மா, பேடா" என்று, வேண்டாமென்று கன்னடத்தில் கும்பிடுகிறார். இந்தச் சண்டைக்கெல்லாம் நீதானே ஆள்? "தாலி கழுத்துல இருக்குல்ல? உன் புருஷன் எங்கயும் போயிர மாட்டான், காலக் காட்டு" என்று அதட்டி எத்தனை பேருக்குக் கழற்றியிருப்பாய்!

நாம் இருவரும் ஒரே நாளில் இந்த வார்டில் நர்ஸாகச் சேர்ந்தவர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்டார்ச் பாட்டிலைப் பற்றி நீதான் சொல்வாய். ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கு டிரிப்பில் ஏற்றுவதாயிற்றே. "அது ஜவ்வரிசி மாதிரி, தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். ரத்தக்குழாய் நல்லா இருந்தா, சுத்தியிருக்க தண்ணியையும் குழாய்க்குள்ள இழுக்கும். டெங்குல குழாயே கசியும். அப்ப ஜவ்வரிசியே வெளிய போயிரும், தண்ணியும் பின்னாலயே போயிரும். பிரஷரை மட்டும் பாக்காதீங்க, காலப் பாருங்க." மதுரைப் பேச்சில் நீ சொன்னால் யாருக்கும் மறக்காது. உனக்கு மட்டும் எப்படியம்மா மறந்தது?

உனக்கே டெங்கு வந்தது. அழுத்தம் விழுந்தது, அதே பாட்டில் ஏறியது, அழுத்தம் திரும்பியது. எங்களுக்கு உயிர் வந்தது. மறுநாள் காலை நீ போர்வையைப் பாதத்துக்கடியில் இறுக்கிச் செருகிக்கொண்டு படுத்திருந்தாய். குளிருகிறதாம். ஓசூர்க் குளிர்தானே என்று நானும் நம்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கை விரிப்பை மாற்ற வந்தபோதுதான் பார்த்தேன். கால் பொதபொதவென்றிருந்தது. மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், விழுந்த குழி அப்படியே நின்றது.

"டாக்டர்ட்ட சொல்லிராதடி, மெட்டிய வெட்டச் சொல்லிருவாரு. எங்க வீட்டுக்காரரு ஷிப்டு முடிஞ்சு வரட்டும். அவரு கையால கழட்டட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? டிரிப்ப நிறுத்தணும்டி."

"ஒரு மணி நேரந்தான்."

கொடுத்தேன். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தது நான்தான். டிரிப்பை நிறுத்த டாக்டர் சொல்ல வேண்டும், டாக்டரிடம் சொல்ல உன் மெட்டி விடவில்லை. உன் வீட்டுக்காரர் கம்பெனிச் சட்டையோடு ஓடிவந்தபோது காலுக்குப் போன தண்ணீர் நெஞ்சுக்கும் வந்துவிட்டது. மூச்சு களகளவென்றது. அதற்குப் பிறகு என்ன செய்தும் உயிர் நிற்கவில்லை. டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நினைத்தபடியே மெட்டியோடு சுமங்கலியாகப் போய்விட்டாய். போதுமா? உன் வீட்டுக்காரர் இப்போது எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவருக்காகத்தானே இவ்வளவும் செய்தாய்?

இந்த ரோஜாத் தோட்டத்துப் பெண்ணிடம் நான் கெஞ்சவில்லை. முதலில் டாக்டரைக் கூப்பிட்டேன். பிறகு சோப்பைத் தடவி, நூலைச் சுற்றி, உன்னை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு கழற்றினேன். அவள் அழுதாள். மெட்டியை அவள் முந்தானையிலேயே முடிந்துவிட்டேன். உன்னைத் திட்டுவதை நிறுத்தினால் என்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன், அதனால் நிறுத்தப்போவதில்லை.

என் மெட்டியைப் பற்றிக் கேட்கிறாயா? வார்டுக்குள் வருமுன் கழற்றி டிபன் பைக்குள் போட்டுவிடுகிறேன். வீட்டில் மாமியார் கேட்டால், உன் பெயரைச் சொல்கிறேன்.