பாதித் தண்ணீரில் போட்ட கோடு

மச்சான்,

மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டேன். விரல் வெள்ளையாக வெளியே வந்தது. ஒரு வாரமாக அதற்குள்ளேயே கிடக்கிறது ஒரு சாக்பீஸ் துண்டு. அந்தச் சட்டையைத் துவைக்கக் கொடு என்று உன் தங்கை இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் கொடுக்கவில்லை. "நாறுதுங்க. அதுக்குள்ள என்ன பொதையலா வெச்சிருக்கீங்க?" என்று திட்டிவிட்டுப் போனாள். உன் வீட்டு வாய் அவளுக்கு அப்படியே இருக்கிறது.

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த ஏழாவது படகு முன்னால் வந்து நிற்கும். அதில் நடந்த தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று ஊர் அறியச் சொல்லாமல் உனக்கு என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது? இப்போது எழுதுகிறேன் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று நீ கண்டுபிடித்திருப்பாய். அவசரப்படாதே. உனக்கு எப்போதும் கதையின் முடிவுதான் முதலில் வேண்டும். இந்தத் தடவை கொஞ்சம் பொறு.

போன வாரம் ரேவதி புதுப் படகுக்குத் தண்ணீர் கட்டினாள். உன் மகள்தான் இப்போது பட்டறைக்கு எல்லாம். பைபர் படகும் போடுகிறாள், இரும்புப் படகும் போடுகிறாள். இது இரும்பு. அணைக்கு அக்கரைக் குடியிருப்புப் பிள்ளைகள் இக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோவதற்காகச் செய்தது. சோதனை மட்டும் நம் பழைய சோதனைதான். கரையில் கட்டைமேல் படகை ஏற்றி, உள்ளே விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. சொட்டினால் அந்த இடத்தில் சாக்பீஸ் வட்டம். சொட்டவில்லையென்றால் உள்ளே தண்ணீர் நின்ற மட்டத்துக்கு வெளியே ஒரு கோடு. இதுவரைக்கும் பார்த்தாயிற்று, நம்பி ஏறலாம் என்று அர்த்தம். அப்போது குடத்தில் சுமந்தோம், இப்போது மோட்டார் போட்டு அரை மணியில் நிரப்பிவிடுகிறாள்.

"மாமா, கோட்ட நீங்க போடுங்க" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்தாள். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த வெல்டர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "விளிம்பு வரைக்கும் ரொம்புனாத்தான் கோடு, தெரிஞ்சுதா? எங்கப்பா எவ்ளோ பெரிய வேலக்காரரு. அவரே ஒரு தடவ பாதி தண்ணிய ஊத்திட்டு, முழுசுக்கும் கோடு போட்டுட்டாரு. அந்தப் படகுல நான் ஒக்காந்திருந்தன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மச்சான். சிரித்துக்கொண்டே சொன்னாள். தகப்பன் செய்த தப்பை மன்னித்து, அதிலேயே ஒரு பாடமும் எடுத்துக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு. "கண்ணு மங்குது, நீயே போடும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, இந்தப் பட்டறையை நாம் தொடங்கியபோது எவ்வளவு சிரித்தார்கள் என்று? உன் அப்பா அந்தக் கொட்டகையில் மூங்கில் பிளந்து பரிசல் பின்னிக்கொண்டிருந்தவர். நானோ தருமபுரியில் ஒரு பட்டறையில் ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவன். ஏரியூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தில் ஒருநாள் தேடிக்கொண்டு வந்து நின்றாய். "ஜன்னலுக்கு வெக்கிறவன் படகுக்கு வெக்க மாட்டியா? வாடா" என்றாய். ஜன்னலில் ஓட்டை இருந்தால் காற்று வரும், படகில் இருந்தால் உயிர் போகும் என்று நான் சொன்னேன். "அதுக்குத்தான் உன்னக் கூப்புடறன். ஓட்டைனாவே பயப்படறவன் வேணும் எனக்கு" என்றாய். அந்த வாய்க்கு மயங்கித்தான் வந்தேன், பிறகு உன் தங்கையையும் கட்டிக்கொண்டேன்.

முதல் இரும்புப் படகு தண்ணீரில் இறங்கியதும் இடது பக்கம் சாய்ந்துகொண்டது. வாங்கினவர் அதன் நெற்றியில் முருகன் பெயரை எழுதினார். நீ கொட்டகைச் சுவரில் காவிப் பெயின்டில் "சாஞ்சான்" என்று எழுதினாய். அடுத்தது முன்பக்கம் கனத்துப் போனது, அதற்கு "மூக்கன்". இன்ஜின் இருமிக்கொண்டே ஓடிய மூன்றாவதுக்கு "இருமலான்". வெளியே எல்லாப் படகுக்கும் சாமி பெயர், நம் சுவரில் எல்லாவற்றுக்கும் குறைப் பெயர். உன் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள், பெற்ற பிள்ளையை யாராவது நொண்டி, மூக்கன் என்று கூப்பிடுவார்களா என்று. "கொறையச் சொல்லிக் கூப்புட்டாத்தான் அடுத்ததுல அது வராது" என்றாய். நிஜமாகவே வரவில்லை. சாஞ்சானுக்குப் பிறகு நம் படகு ஒன்றுகூடச் சாயவில்லை.

இன்னொரு பழக்கமும் நீ வைத்ததுதான். புதுப் படகின் முதல் ஓட்டத்தில் நம் வீட்டு ஆட்கள்தான் ஏற வேண்டும். பெண்டு பிள்ளைகள் எல்லோரும். நம் பிள்ளை ஏறாத படகில் ஊர்ப் பிள்ளையை ஏற்ற உனக்கு மனம் வராது. நீ செருப்பைக் கழற்றிவிட்டு, பின்னால் இன்ஜின் பக்கம், தகடும் தகடும் சேரும் இடத்தில் வெறுங்காலை வைத்து உட்காருவாய். கண்ணை விடக் காலுக்குத்தான் ஈரம் முதலில் தெரியும் என்பாய். அக்கரை போய்த் திரும்பி வரும்வரை அந்தக் காலை எடுக்க மாட்டாய்.

இனி ஏழாவது படகுக்கு வருகிறேன். அந்தச் சித்திரையில் அணைத் தண்ணீர் எங்கேயோ உள்ளே போய்விட்டது. நம் கொட்டகையிலிருந்து பார்த்தால் வெடித்த சேறுதான் கண்ணுக்கெட்டிய தூரம். நீ தகடு எடுக்கத் தருமபுரி போயிருந்தாய். உன் மனைவியும் உன் தங்கையும் அந்த வெயிலில் குடம் குடமாகச் சுமந்தார்கள். உன் தங்கைக்கு அப்போது மூன்று மாதம். பாதிப் படகு நிறைந்தபோது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். அவ்வளவுதான், எனக்கு மனசு விட்டுப்போச்சு. "போதும், மீதிய வண்டி வெச்சு நான் ஊத்திக்கறன், வூட்டுக்குப் போங்க" என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். வண்டி கிடைக்கவில்லை. தண்ணீர் நின்ற வரைக்கும் சொட்டவில்லை, மேலேயும் அதே கைதானே வெல்டிங் வைத்தது என்று நினைத்துக்கொண்டு விளிம்பில் கோட்டைப் போட்டேன்.

நீ வந்ததும் சொல்லியிருக்கலாம். "பாதிதான் ஆச்சு, இவளுக்கு முடியல" என்று ஒரு வார்த்தை. நீ உடனே மாட்டுவண்டி பிடித்திருப்பாய். ஆனால் கூடவே, "பொண்டாட்டி இடுப்பப் புடிச்சதுக்குப் படகு வேலைய நிறுத்துனான்டா எம் மாப்ள" என்று ஊர் முழுக்கப் பாடியிருப்பாய். அந்தக் கிண்டலுக்குக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். இதற்காகவா என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். இதற்காகத்தான்.

ஆடி பிறந்து தண்ணீர் கொட்டகை வரைக்கும் ஏறி வந்தது. முதல் ஓட்டத்துக்கு எல்லோரும் ஏறினார்கள். உன் மடியில் ஏழு வயது ரேவதி, எதிரே வயிற்றைத் தாங்கிக்கொண்டு உன் தங்கை, பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம். இன்னும் மூன்று படகு வேண்டும் என்று சொல்லியிருந்த படகுத்துறைக் கான்ட்ராக்டர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளிவிட வேண்டியது நான். என் கையாலேயே தள்ளினேன் மச்சான். அத்தனை பேர் பாரத்தில் படகு அமிழ்ந்தது. நான் போட்ட பொய்க் கோட்டுக்குக் கீழே, சோதிக்காத அந்த மேல் இணைப்பைத் தண்ணீர் தொட்டது என் கண்ணுக்குத் தெரிந்தது. "திரும்புங்க! திரும்பு மச்சான்!" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் விழுந்து ஓடினேன். அதற்குள் உன் காலும் சொல்லியிருந்தது. இன்ஜினைத் திருப்பிவிட்டாய்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையேறியபோது படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, உன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாதிதான் ஊத்துனன் மச்சான்" என்று அழுதேன். கான்ட்ராக்டர் வந்து, "யாருய்யா பாத்தது? யாரு கோடு போட்டது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நாந்தாங்க. பாதி ஊத்திட்டுப் போட்டுட்டன்." தருமபுரியிலிருந்து வந்து நீதான் கோடு போட்டாய் என்று வீட்டுப் பெண்களும் நம்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் உன்னோடு சண்டைக்கு வந்தேன். ஏன் சொன்னாய் என்று. "எம்மேல வந்தா ஒரு வாரத்துப் பேச்சு மாப்ள. உம்மேல வந்தா எவன் உன்ன நம்பி வெல்டிங் வெக்கச் சொல்லுவான்? கையே போயிரும்டா உனக்கு" என்றாய். பிறகு, "வயித்துப் புள்ளக்காரியச் சொமக்க விட்டது என் தப்பு" என்றும் சொன்னாய். கிண்டல் செய்யவே இல்லை. மூன்று மாதம் நான் எதற்குப் பயந்தேனோ, அதை நீ கடைசி வரைக்கும் செய்யவில்லை.

ஒரு வாரப் பேச்சு இருபத்தெட்டு வருடம் ஓடியது. டீக்கடையில் நீ டம்ளரைக் கையில் எடுத்தாலே, "பாதியா, முழுசா?" என்று எவனாவது கேட்பான். நீயும் கூடச் சிரிப்பாய். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் படகைக் கரையேற்றி, மேல் இணைப்பு முழுக்கத் திரும்ப வெல்டிங் வைத்தேன். நம் படகுகளிலேயே அதிக வருடம் ஓடியது அதுதான். மாப்பிள்ளை வீட்டாரும் ஆடும் கேழ்வரகு மூட்டையும் மோட்டார் சைக்கிளுமாக எல்லாம் அதில் ஏறி இறங்கின. சுவரில் அதற்கு மட்டும் நீ பெயர் எழுதவே இல்லை. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு கையகலம் வெள்ளையாகவே கிடந்தது. ஏன் என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் ஒருவர் அந்தப் பாதித் தண்ணீர் கதையைச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். நான் பாடைக்குப் பக்கத்தில் நின்றேன், அப்போதும் வாய் திறக்கவில்லை.

சாக்பீஸோடு வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். ரேவதி படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பிரஷைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பன் சாவுல அதச் சொன்னாங்களே மாமா. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னன்."

"இருவத்தெட்டு வருசம்." பெயின்ட் டப்பாவை மூடினாள். "போங்க. இப்ப எங்கிட்டப் பேசாதீங்க."

நான்கு நாள் பேசவில்லை. பட்டறைக்குப் போவேன், வேலை செய்வேன், வருவேன். என்னைத் தாண்டித்தான் பார்ப்பாள். உன் தங்கையிடமும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "அன்னிக்கு நான் இடுப்பப் புடிச்சது புள்ளையால இல்லீங்க. கால்ல முள்ளு குத்துச்சு" என்றாள். சிரிப்பதா அழுவதா மச்சான், நீயே சொல்லு.

இன்றைக்கு ஆடிப் பதினெட்டு. படகு இறக்கும் நாள். விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். சுவரில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே காவிப் பெயின்ட் ஈரம் காயாமல் இருந்தது. ரேவதியின் கையெழுத்து. "மாமா" என்று எழுதியிருந்தாள். கோபத்தில் எழுதினாளா, மன்னித்து எழுதினாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் வேண்டியதுதான்.

கரையில் நல்ல கூட்டம். தேங்காய் உடைத்தாயிற்று. உன்னை எந்நேரமும் சீண்டுவாரே, டீக்கடைக்காரர், அவர் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா ரேவதி, முழுசா ஊத்துனியா, இல்ல உங்கப்பன் மாதிரி பாதியா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தக் கோட்ட அவன் போடலைங்க" என்றேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது. "நான் போட்டது. என்னக் காப்பாத்தறதுக்கு அவன் ஏத்துக்கிட்டான். இத்தன வருசமும் நீங்க சிரிச்சீங்களே, அது என்னப் பாத்துச் சிரிச்சிருக்கணும்."

டீக்கடைக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வழக்கம்போலப் படகைத் தள்ளப் போனேன்.

"மாமா, நீங்க தள்ள வேணாம்" என்றாள் ரேவதி. "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. அப்பா எடத்துல ஒக்காருங்க."

"என்ன நம்பியாம்மா?"

"தப்பு பண்ண காலுக்குத்தான் ஈரம் சீக்கிரம் தெரியும். ஏறுங்க."

ஏறினேன். இன்ஜின் பக்கம், நீ உட்காரும் அதே இடத்தில், இணைப்பின்மேல் வெறுங்காலை வைத்து உட்கார்ந்தேன். ரேவதி தன் மகளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். இவளுக்கும் இப்போது ஏழு வயது. வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஏறினார்கள், உன் தங்கை எதிரே உட்கார்ந்தாள். அக்கரை போய்த் திரும்பி வரும்வரை நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. என் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தச் சாக்பீஸ் பையிலேயே இருக்கட்டும். சட்டையைத் துவைக்கும்போது எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொள்கிறேன். உனக்கு ஒரே ஒரு சேதி, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கால் நனையவில்லை, மச்சான்.