குழல் இல்லாத பாட்டு

என் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, எழுதினால் பாதி பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே, மனசுதான் சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஈரத் தலையோடு குளிரில் ஓடுகிறாயா (பதில் எனக்கே தெரியும்). போனில் சொல்லலாம் என்றால் வாயைத் திறந்ததும் அழுகை வருகிறது, அதனால்தான் கடிதம்.

நீ மாற்றிப் பாடினாயே அந்தப் படகுப் பாட்டு, அதிலிருந்துதான் எல்லாம். எனக்கு அது முதல் நாளே பிடித்துவிட்டது. நாங்களெல்லாம் காலால் தாளம் போட்டுக் கேட்ட துள்ளல் பாட்டு. அதை நீ ஒரே ஒரு கிடாரை வைத்துக்கொண்டு உன் கட்டைக் குரலில் மெல்ல இழுத்துப் பாடினபோதுதான், விட்டுவிட்டுப் போகிறவனைப் பார்த்து ஒருத்தி அழுகிற பாட்டு அது என்று எனக்கு உறைத்தது. வார்த்தை ஒன்றும் மாறவில்லை, இத்தனை வருஷம் நான்தான் கேட்கவில்லை. உன் அப்பாவோ குதித்தார். நல்ல பாட்டைக் கல்லைக் கட்டிக் கிணத்துல இறக்கிட்டா என்று பள்ளி வேனைக் கழுவும்போதுகூடப் புலம்பல். அதே மனுஷன் போன மாதம் உன் பாட்டைத் தானே தேடிப் போட்டு, முழுசும் கேட்டு, இதுதாண்டி பாட்டு, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா இருக்கு என்றார். பெற்ற பாசம் ஜெயித்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன். அடுத்த வாரம் ரேடியோவில் அந்தப் பழைய பாட்டே வந்தது, அசல். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டவர், இதையும் எவனோ மாத்திப் பாடியிருக்கான், ஆரம்பத்துல வர்ற புல்லாங்குழலையே தூக்கிட்டான் என்றார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். புல்லாங்குழல் அப்போது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

அதற்கப்புறம் கவனித்தேன். அழைப்பு மணி, அலாரம், கீச்சென்ற சத்தம் எதுவும் அவருக்கு எட்டுவதில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனை முறை அவரைக் கேலி செய்திருப்பேன், இப்போது அந்த வார்த்தை நாக்கில் வரமாட்டேன் என்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் காதில் அழுக்கு, அவ்வளவுதான் என்கிறார். பள்ளிக்கூடத்துப் பரீட்சை முடியட்டும், லீவில் பார்க்கலாம் என்கிறார். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா போன வாரம் கடையில் என்னைத் தனியே இழுத்துச் சொன்னாள். ஒரு குழந்தை இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியை நகர்த்திவிட்டாராம், புத்தகப் பை கதவில் மாட்டிக்கொண்டதாம், அவள் தொண்டை கிழியக் கத்தியும் நிற்கவில்லையாம், ஓடிப்போய்த் தோளில் அடித்த பிறகுதான் பிரேக் போட்டாராம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் கேட்டால், அவ சத்தமா சொல்லல என்கிறார். இருபத்தாறு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் விழாத மனுஷன். சண்டை போட்டேன், கெஞ்சினேன். வண்டியையும் எடுத்துட்டா நான் யாருடி என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை நானே பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாளைக்கு அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உனக்குப் போன் செய்து என்னைத் திட்டுவார். எனக்காகப் பரிந்து பேசாதே, திட்டி முடிக்கட்டும். முடித்ததும் கத்தாமல், உன் சாதாரணக் குரலில், டாக்டர்கிட்டப் போங்கப்பா என்று சொல், உன் கட்டைக் குரல் ஒன்றுதான் அவருக்கு முழுசாகக் கேட்கிறது. நான் செய்தது சரியா தப்பா என்று நீ எழுது. பள்ளிக்கு நான் போன் செய்யும்போது அவர் அடுத்த அறையில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தேன். வைத்த பிறகுதான் தோன்றியது, கிசுகிசுக்கவே தேவையில்லை என்று.

தொண்டைக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லா இரு. தலையைத் துவட்டு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் பயந்துகொண்டிருக்கும்
அம்மா