காக்கிச் சட்டைக்கு நம் தெரு சொன்ன பதில்

கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கித் துணிக்கு ஒரு வாசனை உண்டே, அது இன்று காலை கடை வாசலில் அடித்தது. நிமிர்ந்து பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது. சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அழுத்தி, குமிழி எங்கே வருகிறது என்று தேடுவதுபோல் குனிந்தே இருந்தேன். போலீஸ்காரர்தான். வேலைக்குப் புதிது போலிருக்கிறது, மீசைகூட இன்னும் ஒழுங்காக வளரவில்லை. அவர் கேட்டது உன்னை, மச்சான். நீ போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. அவர் உன்னைத் தேடி வந்திருக்கிறார்.

அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர் போனதிலிருந்து வேலை ஓடவில்லை. உன்னிடம் பேசவேண்டும்போல் இருக்கிறது, பேசுகிறேன்.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், கூட்ஸ் ஷெட்டை ஒட்டிய நம் தெருவுக்கு இருந்த பெயர் உனக்குத் தெரியாததா? மலைக்கு வந்தவர் மடியில் பணம் போனாலும் சரி, சத்திரத்தில் ஒரு செம்பு காணாமல் போனாலும் சரி, போலீஸ் நேராக நம் தெருவில்தான் வந்து நிற்கும். திருடர்களே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நமக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். அகப்படுவது, நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தவன். அடுப்பில் இருக்கும் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அதனால்தான் அந்தப் பதில் பிறந்தது. காக்கி போட்ட ஆள் எந்தப் பெயரைக் கேட்டாலும், "அப்படி யாரும் இங்க இல்லியே." யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பேச்சு வரும்போதே குழந்தைகளுக்கு அதுவும் வந்துவிடும். என் கடையில் சைக்கிள் திருடு போனபோதுகூட நான் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. போனால் உன்னைத்தான் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கூட்ஸ் ஷெட்டில் ஒரு துணி மூட்டை காணாமல் போன நாளில் நீ அங்கே சுமை தூக்கப் போயிருந்தாய். உன் குற்றம் அவ்வளவுதான். கோர்ட்டில் உன்னை விட்டுவிட்டார்கள், ஸ்டேஷனில் விடவில்லை. கேடி என்று பெயரைச் சேர்த்துக்கொண்டு, சாயங்காலமானால் வந்து தலையைக் காட்டவேண்டும், கேட்காமல் ஊர் தாண்டக்கூடாது என்றார்கள். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நீ கேட்டாய். காது வீங்கித் திரும்பி வந்தாய். அத்தோடு விடாமல் பிச்சாட்டூர் பக்கத்தில் உன் ஊருக்கும் போய், ஊரே கூடிப் பார்க்க உன் வீட்டுத் தரையைத் தோண்டியிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் உன்னைப் பெற்ற நைனா தலை குனிந்துவிட்டார். இனி வாசல் மிதிக்காதே என்று உனக்குச் சொல்லி அனுப்பினார்.

நீ எல்லாவற்றையும் கேலி செய்துகொண்டு திரிந்தவன். ஆந்திரா தனி ராஜ்யமானபோது, "எழுதறதுதான் தெலுங்குல எழுதறான், அடி அதே அடிதான் மச்சான்" என்றாய். பிறகு எல்லையைத் திருத்தப் போகிறார்கள், தமிழ் ஊர்கள் மதராஸ் பக்கம் போகும் என்று பேச்சு வந்தது. அப்போது மட்டும் நீ கேலி செய்யவில்லை. பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று தினமும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாய். உன் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டால் இந்த ஸ்டேஷன்காரர்கள் அங்கே வரமுடியாது, நைனா முன்னால் போய் நின்று நான் எடுக்கலை என்று சொல்லிவிடலாம் என்பது உன் கணக்கு. உனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். கடைசியில் கோடு உன் ஊருக்குத் தெற்கே போனது, உன் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு நீ பேப்பரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாய்.

அந்த மத்தியானத்தை நான் மறக்க நினைத்தாலும் முடியவில்லை. நீ என் கடை வாசலில் அந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தாய். காக்கி போட்ட ஒருவர் ஒவ்வொரு வாசலாக நின்று, உன் பெயரைச் சொல்லித் தெலுங்கில் விசாரித்துக்கொண்டு வந்தார். எல்லா வாசலிலும் அதே பதில். நம்மிடம் வந்தபோது நான் வாயைத் திறக்குமுன் நீயே சொன்னாய், "அப்படி யாரும் இங்க இல்லபா." அவர் ஏதோ சொல்ல வந்து, நேரமாகிவிட்டது என்பதுபோல் வேகமாகத் திரும்பிப் போனார். நீ விரலை நக்கிக்கொண்டே சிரித்தாய். "பாத்தியா மச்சான், என்னையே என்கிட்ட கேட்டுக்கினு போறான்." நானும் சிரித்தேன்.

அவர் போலீஸ் இல்லை, பிச்சாட்டூர் பஸ்ஸின் கண்டக்டர். ஊரிலிருந்து அவசரச் சேதி என்றால் பஸ்காரர்களிடம் சொல்லி அனுப்புவதுதானே உங்கள் பக்கத்து வழக்கம்? பாவம், பஸ் நிற்கும் நேரத்துக்குள் உன்னைத் தேடி ஓடி வந்திருக்கிறார். தோல் பையை டிரைவரிடம் விட்டு வந்துவிட்டார். அது தோளில் தொங்கியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். சட்டைதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து உன் தம்பி மொட்டைத் தலையோடு வந்து நின்றான். "நைனாதான் உன்னக் கூப்டாரு. பஸ்ஸு வந்துச்சா, பஸ்ஸு வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தாரு. கண்டக்டரு திரும்பி வந்து, அப்படி ஆளே இல்லியாம்னு சொல்லிட்டாரு. நைனா அதக் கேட்டுக்கினு, அவன் அங்கயும் இல்லியான்னாரு. அப்புறம் பேசவே இல்ல."

நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்த் தலையைக் காட்டினாய். காரியத்துக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டதற்கு, உங்கள் தெருவில் மாசத்துக்கு ஒரு அப்பன் சாகிறான் என்று சிரித்தார்களாம். உத்தரவில்லாமலே போனாய். ஆரணியாற்றங்கரையில் மொட்டையடித்துக்கொண்டு திரும்பி வந்தவனை, ஏன் போனாய் என்று மறுபடி உள்ளே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நீ அந்தப் பதிலைச் சொல்லி நான் கேட்டதில்லை. வேலையில்லாத நேரமெல்லாம் அதே பெட்டியில் உட்கார்ந்திருப்பாய். தபால்காரர் வரட்டும், ரயில்வே ஆள் வரட்டும், போலீஸே வரட்டும், காக்கியைக் கண்டால் எழுந்து போய், "இன்னா சேதி?" என்று கேட்பாய். பெயரைக் கேட்டால் சேதி கேட்கிறாயா என்று அதற்கும் ஒருமுறை அடி வாங்கினாய். தெரு உன்னைப் பைத்தியம் என்றது. நான் சொல்லவில்லை. ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியிலேயே சாய்ந்தாய். நீ செத்ததை யாரும் ஸ்டேஷனில் போய்ச் சொல்லவில்லை. நம் தெருவில் யார் அவர்களிடம் எதைச் சொல்லியிருக்கிறார்கள்?

இப்போது தெருவில் பழைய ஆட்கள் இல்லை. பாதி வீடுகளை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். உன் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள், அதனால் நான் யாரிடமும் சொல்வதில்லை. தனியாகத்தான் இருக்கிறேன் மச்சான். அப்படி இருக்கும்போது இன்றைக்கு ஒரு ஆள் வந்து, உன் பெயரையும் உன் நைனா பெயரையும் சேர்த்துச் சொல்லி, இங்கே இருக்கிறாரா என்று கேட்கிறார். மலையில் உற்சவம் வருகிறதாம், பழைய கேடிகளை ஒருமுறை பார்த்துவரச் சொன்னார்களாம்.

அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அது உண்மை. சொல்ல முடியவில்லை.

"இருக்காரு. இன்னா சேதி?" என்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல் என்றார். சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. கடை சாத்தும் நேரம். பெட்டியை மட்டும் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. நீ வரவில்லையே என்று அந்தப் போலீஸ்காரப் பிள்ளை திரும்பி வந்து கேட்பார். இப்பத்தான் களி துன்னுட்டுப் போனாரு என்று சொல்வேன்.