மூக்கிலிருந்து தாள் வரை

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று ஆராதனையில் மூன்றாம் பாட்டின் நடுவே இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன். சபையார் ஒரு பக்கம், என் ஆர்கன் ஒரு பக்கம். கோயிலைக் கூட்டி, மணியடித்துப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எபே ஆர்கன் மாடத்துக்கு ஏறி வந்து, "பிர்தே, ஜனங்க உன்னை விட்டுட்டு ஓடிட்டாங்களா, நீ அவங்களை விட்டியா?" என்றான். கிண்டல்தான். ஆனால் கண்புரை என்று தெரிந்தும் ஆபரேஷனை ஐந்து மாதம் தள்ளிப்போட்டது நான்தானே. இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்த இடம். விட மனசில்லை.

செப்டம்பர் 17

ஓடென்ஸ நகரத்தில் கண் டாக்டர் லோனேயைப் பார்த்தேன். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் ஒரு வகை ஒரே தூரத்துக்குத்தான்; மற்றதற்குக் கண்ணாடி. இன்னொன்று கிட்டே, நடுவே, தூரே என மூன்றுக்கும். ஆனால் இருட்டில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாமாம். டிசம்பர் முழுக்க மெழுகுவர்த்தி எரியும் கோயிலில் எனக்கு அது எதற்கு?

ஒரே தூரம் போதும் என்றேன். "கண்ணாடி இல்லாம என்ன செய்யணும் உங்களுக்கு?" "படிக்கணும்." எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 12

எபே ஆர்கன் பக்கத்தில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தான். படிக்கிற தூரத்துக்கு லென்ஸ் வைக்கப்போகிறேன் என்றேன். "எதைப் படிக்க? பேப்பரா, இதையா?" என்று இசைத்தாளைக் காட்டினான்.

எனக்குப் படிப்பது என்றால் இசைத்தாள்தான். டாக்டருக்கு? மடியில் வைத்த புத்தகம். ஐயோ, வேற தூரத்தையில்ல கண்ணுக்குள்ள வெச்சுக்கப் பார்த்தேன் — வாயைத் திறந்து ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தா என்ன?

என் பையிலிருந்த கம்பளி நூலை எடுத்து மூக்கிலிருந்து தாள் வரை பிடித்து, எபே இரண்டு முடிச்சுப் போட்டான்.

அக்டோபர் 13

டாக்டர் நூலை அளந்தார். எழுபத்திரண்டு சென்டிமீட்டர். "இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் நூல் கொண்டுவந்ததில்ல. நல்லவேளை வந்தீங்க." லென்ஸை மாற்றி எழுதினார். பேப்பருக்கும் தூரத்துக்கும் கண்ணாடி. இருக்கட்டும்.

அக்டோபர் 21

வலக்கண் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையலறைத் திரை நீலம். இத்தனை நாள் பச்சை என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 11

இடக்கண்ணும் முடிந்தது. வலியில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான அட்வெந்துவின் முதல் மெழுகுவர்த்தி. வளையமில்லாத சுடர். போதகர் முகம் மேலிருந்து மங்கல்தான், பரவாயில்லை. தாளில் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. ஒரு வரியும் தாண்டவில்லை. அப்பாடா.

முடிந்ததும் எபே கிறிஸ்துமஸ் பாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்தான். "போதகர் உங்கிட்டயே தரச் சொன்னார்." நீட்டிய கைக்கு அந்தப் பக்கம், சரியாக நூல் தூரத்தில், அவன் முகம். தாடி முழுக்க நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது?

"என்ன அப்படிப் பார்க்கிற?" என்றான்.

"படிக்கிறேன்" என்றேன்.